காரணம்: மற்றவை

என் வேலை எழுதுவது.
உள்ளே வந்த நேரம், மயக்கம் தொடங்கிய நேரம்,
கத்தி தோலைத் தொட்ட நேரம்,
கடைசித் தையல், கதவு, துடைப்பம், அடுத்தவர்.
ட்ரோம்சோவில் டிசம்பர் முழுக்கச் சூரியன் வராது.
காலை என்பதை நாங்களே எழுதினால்தான் உண்டு.

7.52. மூன்றாம் அரங்கு.
ஹால்வர் நேஸ், எழுபத்தொன்பது வயது, இடது இடுப்பு.
முதுகை வளைத்து உட்காருங்கள் என்றால்
வலை இழுக்கக் குனிவதுபோல் குனிகிறார்.
காட் மீனுக்காகக் குனிந்து குனிந்து
கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன முதுகு.

ஊசி சின்னேயிடம்.
பயிற்சிக்கு வந்து பதினான்கு வாரம்.
முதல் தடவை, எலும்பு.
இரண்டாம் தடவை, அதே எலும்பு.
"மன்னிக்கணும்" என்கிறாள்,
அவரிடமா முதுகிடமா தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் டாக்டர் போர்க்ஹில்ட்,
கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு,
பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பவள் மாதிரி.
அந்தக் கைகள் நாற்பது நொடியில் முடித்துவிடும்.
எனக்குத் தெரியும்.
கைகளுக்கும் தெரியும், அதனால்தான் அந்த இறுக்கம்.
"இன்னும் கொஞ்சம் மேலே" என்றுகூடச் சொல்லவில்லை.

8.19.
கண்ணாடிக்கு அப்பால் எஸ்கில்
மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார்.
கடிகாரம் கட்டக்கூடாத மணிக்கட்டு.

மூன்றாம் தடவை
சின்னே ஊசியைப் பின்னிழுத்து
ஒரு நூல் சாய்க்கிறாள்.
டக்.
காதில் விழாது, விரலில் விழும்.
ஊசியின் வாயில் ஒரு துளி,
தண்ணீரைவிடத் தெளிவாக.

"கால் மரத்துவிட்டதா?"
"மரமேதான்" என்கிறார் ஹால்வர்.
நாற்பது வருடம் மரப்படகில் நின்ற கால்கள்
இப்போது படகாகவே ஆகிவிட்டன.
தன் காலை யாரோ தூக்குவதைப் பார்த்து
"யாருடையது அது?" என்கிறார்.
எஸ்கில்கூடச் சிரித்துவிட்டார்.

கணினி சிரிக்கவில்லை.
தாமதம் பதினேழு நிமிடம். காரணம் தேர்வு செய்க:
கருவி இல்லை. நோயாளி தாமதம். அறை தயாரில்லை.
மருத்துவர் வரவில்லை. மற்றவை.
கற்றுக்கொள்வதற்கு ஒரு கட்டம் இல்லை.
ஒருத்தி தன் கைகளைத் தானே பிடித்துவைத்துக்கொண்டதற்கும் இல்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால்
நல்ல கதை.
ஆனால் 14.50 என்று ஒன்று வந்தது.

சோல்ஃப்ரிட் அவுனே, வலது முழங்கால்,
சென்யா தீவிலிருந்து முந்தைய நாளே வந்தவள்.
நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.
மூன்று மணிக்குமேல் புதிதாக யாரையும் ஏற்றக்கூடாது.
காலையில் பதினேழு, லிஃப்டுக்கு ஒன்பது,
துடைப்பத்துக்கு ஆறு,
எல்லாம் உருண்டு வந்து அவள் கட்டிலில் நின்றன.

"நகப்பூச்சுகூட அழிச்சிட்டேனே" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.
ரொட்டி கொடுத்தோம்.
பசி தெரியக்கூடாதென்று மெதுவாகத் தொடங்கி
இரண்டாவதை மூன்றே கடியில் முடித்தாள்.
"யாரால தாமதம்?"
"லிஃப்ட்" என்றேன்.
ஒன்பது நிமிட அளவுக்கு அது உண்மை.

உடைமாற்றும் அறையில் சின்னே
பெட்டிக் கதவைத் திறந்தபடி நின்றிருந்தாள்.
பெருவிரலும் சுட்டுவிரலும் உரசிக்கொண்டே இருந்தன,
அந்த டக்கை மறுபடி தேடுவதுபோல.
நான் சோல்ஃப்ரிட்டைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
எந்த வாரம் சொல்வது சரி என்று தெரியவில்லை.

மற்றவை. அழுத்தினேன். சேமித்தது.

பிறகு அடுத்த புதன்கிழமையைத் திறந்து
சோல்ஃப்ரிட்டை முதல் ஆளாக ஏற்றினேன்.
மயக்கம் தருபவர்: சின்னே.
எவ்வளவு நேரம் என்று கேட்டது.
வழக்கமான கணக்கோடு
பதினேழு நிமிடம் கூட்டிப் போட்டேன்.
திட்டப் பிரிவிலிருந்து சிவப்பில் கேள்வி வரும்.
வரட்டும்.